யாருக்காக எழுதியது

1849 இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தலைகுனிவான ஆண்டு. லண்டன் நீதிமன்றத்தில் லூயிசா நாட்டிட்ஜ் என்ற பெண் தன் சொந்தக்காரர்கள் மீதே வழக்காடிக்கொண்டிருந்தாள். கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சாமர்செட் பகுதியில் உதவி குருவாக இருந்த ஹென்றி ஜேம்ஸ் பிரின்ஸ் என்பவர் பரிசுத்த ஆவி தன்னிடத்தில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். ஸ்பாக்ஸ்டன் கிராமத்தில் மதில் எழுப்பி, 'அன்பின் இல்லம்' என்று பெயரிட்டு, சீடர்களோடும் சீடர்களின் சொத்தோடும் குடியேறினார். நாட்டிட்ஜ் குடும்பத்துப் பெண்கள் மூவர் அவருடைய சீடர்களையே மணந்துகொண்டார்கள். லூயிசாவும் அங்கே போகவே, வீட்டார் அவளைத் தூக்கிக்கொண்டுவந்து மனநோய் விடுதியில் அடைத்தார்கள். வெளியே வந்தவள் வழக்குப் போட்டு ஜெயித்தாள். ஜெயித்தபின் பிரின்ஸின் இல்லத்துக்கே திரும்பிப் போனாள். பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும்?

அதே 1849இல் ராசெஸ்டர் பேராலயப் பள்ளியின் தலைமையாசிரியர் ராபர்ட் விஸ்டன் ஒரு சிறு நூலை அச்சிட்டார். அவரும் குருப்பட்டம் பெற்றவர்தான். எட்டாம் ஹென்றி காலத்து அறக்கட்டளையின் வருமானம் பல மடங்கு பெருகியிருந்தது. பெருகியதெல்லாம் ஆலயத் தலைவருக்கும் மூத்த குருமார்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஏழை மாணவனுக்கான உதவித்தொகை மட்டும் முன்னூறு ஆண்டுகளாக இரண்டு பவுன் பதின்மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸிலேயே நின்றது. கணக்கை வெளியிட்ட விஸ்டனை வேலையைவிட்டு நீக்கினார்கள். அவர் விடவில்லை. சில ஆண்டுகள் வழக்காடி வேலையைத் திரும்பப் பெற்றார். இந்த மாதிரி விவகாரங்களின் சூட்டில்தான் 1855இல் ஆந்தனி டிராலப் 'தி வார்டன்' நாவலை வெளியிட்டார். எக்ஸிடர் பேராயர் பில்பாட்ஸுக்கும் கோர்ஹம் என்ற குருவுக்கும் ஞானஸ்நானத்தின் பொருள் பற்றி நடந்த வழக்கும் 1849இல்தான் உச்சத்தில் இருந்தது. அதற்குள் நான் போகப்போவதில்லை. அது இறையியல் படித்தவர்களுக்கான தலைவலி.

விக்டோரியா காலத்து ஆங்கிலக் குருமார்களின் அவதூறுக் கதைகளைத் தொடர்ந்து படித்தால் ஒரு விஷயம் புரியும். அவை பெரும்பாலும் ஒரு மனிதனின் சறுக்கல் கதைகள். ஹாரோ பள்ளியின் தலைமையாசிரியர் சார்லஸ் ஜான் வான் 1859இல் திடீரென்று பதவி விலகினார். ஏன் என்று ஊருக்குத் தெரியாது. அவர் ஒரு மாணவனோடு கொண்டிருந்த உறவு இன்னொரு மாணவனின் தந்தைக்குத் தெரிந்துபோயிருந்தது என்ற உண்மை வெளியாக நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஜான் செல்பி வாட்சன் என்ற குரு, லத்தீன் கிரேக்கப் பண்டிதர், 1871இல் மனைவியை அடித்துக் கொன்றார். காமம், பணம், கோபம், சில சமயம் சாம்பிராணிப் புகை. ஆம், சாம்பிராணியும்தான். வழிபாட்டில் கத்தோலிக்கச் சடங்குகளை நுழைத்ததற்காக ஆர்தர் டூத் என்ற குரு 1877இல் சிறைக்கே போனார். ஒருவர் தவறுவார், ஊர் சிரிக்கும், விசாரணை நடக்கும், நிறுவனம் கைகழுவிக்கொள்ளும். திருச்சபையின் மற்ற வேலைகள் பாட்டுக்கு நடக்கும். நல்ல குருமார்கள் நல்லவர்களாகவே இருப்பார்கள்.

நம்முடைய பக்கத்தில் நடந்ததில் அந்த வசதி இல்லை. அதில் சறுக்கியவர் நல்லவர்.

அதே 1849இல் மதராஸில் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தின் அச்சகத்திலிருந்து ஒரு சிறு நூல் வந்தது. பெயர் 'தி டின்னவெலி ஷானார்ஸ்'. மறு ஆண்டு லண்டனிலும் அச்சாயிற்று. எழுதியவர் எஸ்.பி.ஜி. சங்கத்தின் மிஷனரி, இடையன்குடியில் பணியாற்றிய 35 வயது ராபர்ட் கால்டுவெல். தமிழர்களுக்கு இவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்தவர். தமிழ் சமஸ்கிருதத்தின் பிள்ளை இல்லை, அதற்கென்று தனிக் குடும்பம் உண்டு என்று ஐரோப்பிய அறிவுலகத்தின் முன் ஆதாரத்தோடு நிறுவியவர். மெரினாவில் சிலையாக நிற்கிறார். அதே கைதான் ஏழாண்டுகளுக்கு முன் இந்தச் சிறு நூலையும் எழுதியது.

நூலின் பொருள் திருநெல்வேலிச் சீமையின் தெற்கே தேரிக்காட்டில் பனையேறி வாழ்ந்த மக்கள். இன்று நாடார் என்று அறியப்படுபவர்கள். அவர்களுடைய மதம், ஒழுக்கம், குணம், அவர்களிடையே கிறிஸ்தவம் பரவ இருக்கும் வாய்ப்புகள், தடைகள் இவைதாம் தலைப்பில் சொன்னவை. கால்டுவெல் சொன்னவற்றில் பல, இனவரைவியல் என்ற துறை வேரூன்றும் முன்பே எழுதப்பட்ட கூர்மையான கள அவதானிப்புகள். பேய்க்கோயில் கொடை, கோமரத்தாடியின் ஆட்டம், பனையை நம்பிய வாழ்வு இவற்றை அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். பிராமணியத்துக்கு வெளியே ஒரு வழிபாட்டு உலகம் இருக்கிறது என்பதைக் கண்டு எழுதியதும் சாதாரணமில்லை. ஆனால் அந்த மக்கள் மந்த புத்திக்காரர்கள், நுண்மையாகச் சிந்திக்கத் தெரியாதவர்கள், அவர்களுடைய வழிபாடு வெறும் பேய் வணக்கம் என்று சொல்லிக்கொண்டே போகிறார். கூடவே, இவர்கள் இந்த மண்ணுக்குரியவர்கள் அல்லர், இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றும் எழுதினார்.

ஒரு நாளில் முப்பது, ஐம்பது மரம் ஏறி இறங்கும் மனிதனின் சிந்தனைத் திறனைப் பற்றி, மரத்தின் கீழ் நின்று எழுதிய தீர்ப்பு அது.

அதில் வெறுப்பு இல்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. வெறுப்பவர் அங்கே ஐம்பது ஆண்டு இருக்க மாட்டார். 1841 இறுதியில் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல், மதராஸிலிருந்து பெரும்பகுதி வழியைக் கால்நடையாகக் கடந்தவர். நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள் எலைசாவை 1844இல் மணந்தார். எலைசா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து, கையில் காசு வரும் வழியைக் காட்டினார். மக்கள் ஐயர் என்று அழைத்த கால்டுவெல் தெருவை நேராக்கினார், கிணறு வெட்டினார். ஊரின் பரிசுத்த திரித்துவ ஆலயத்தைக் கட்டி முடிக்க 33 ஆண்டுகள் ஆயின. 1877இல் பேராயராக அபிஷேகம் பெற்ற அவர் முன் அந்தப் பெரும் பஞ்சம் வந்து நின்றது, நிவாரணத்துக்கு அலைந்தார். 1891இல் கொடைக்கானலில் இறந்தபோது உடலை இடையன்குடிக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். இப்படிப்பட்டவர் தன் சபை மக்களைப் பற்றி ஏன் அப்படி எழுதினார்?

என் பதில் எளிது. அந்த நூல் அவர்களுக்காக எழுதப்படவில்லை.

மிஷன் சங்கங்கள் ஓடியது சந்தாப் பணத்தில். இங்கிலாந்தின் ஏதோ ஒரு கிராமத்து ஆலயத்தில் ஒரு விதவை போடும் ஆறு பென்ஸ்தான் தேரிக்காட்டில் பள்ளிக்கூடத்தின் ஓலைக்கூரையாயிற்று. அந்த ஆறு பென்ஸ் வர வேண்டுமென்றால் தேரிக்காட்டின் இருள் அந்த விதவையின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எவ்வளவு இருட்டோ அவ்வளவு வெளிச்சம் தேவை. அதே சமயம் முயற்சி வீண்போகாது என்ற நம்பிக்கையும் கொடுக்க வேண்டும். ஆகவே இந்த மக்கள் கீழானவர்கள், ஆனால் காட்டுமிராண்டிகள் அல்லர். மந்தமானவர்கள், ஆனால் சொன்னால் கேட்பார்கள். மிஷன் அறிக்கைகள் எல்லாமே இந்தத் தராசில் நிறுத்தவைதான். கால்டுவெல் மற்றவர்களைவிட நன்றாக எழுதினார், அவ்வளவே. அதனால் சேதமும் அதிகம்.

எழுதும்போது அவர் ஒன்றை மறந்துவிட்டார், அல்லது அதைக் கணக்கில் எடுக்கவே தோன்றவில்லை. அவருடைய சங்கமே அந்த மக்களுக்கு எழுத்தறிவித்துக்கொண்டிருந்தது. எழுத்தறிவித்தது மட்டுமா? சாயர்புரத்தில் ஜி.யு. போப் ஐயர் ஒரு செமினரியே நடத்திக்கொண்டிருந்தார். பின்னாளில், 1886இல், திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த அதே போப். பிரம்பும் கையுமாக நின்ற கண்டிப்பான வாத்தியார் என்று பெயரெடுத்தவர். அங்கே படித்து வந்தவர்களில் ஒருவர் அருமைநாயகம். பள்ளியில் சட்டாம்பிள்ளையாக இருந்தவர். அந்தப் பெயரே கடைசிவரை ஒட்டிக்கொண்டது. பெரிய படிப்பாளி. நாசரேத்தை ஒட்டிய மூக்குப்பீறியில் மிஷன் வேலையில் இருந்தார். நாசரேத்தின் மிஷனரி கெம்மரர் ஐயருக்கும் அவருக்கும் மனக்கசப்பு முற்றி, 1850 வாக்கில் வேலையிலிருந்து விலக்கப்பட்டார். சொந்தப் பூசல்தான், அதைப் புனிதமாக்க வேண்டியதில்லை. ஆனால் மிஷனோடு பூசலில் இருந்த, ஆங்கிலம் படித்த ஒருவர் இருக்கும் ஊருக்கு அந்த நூல் வந்து சேர்ந்தது.

நூல்கள் எழுதியவர் நினைத்த இடத்தில் நிற்பதில்லை. லண்டன் வாசகருக்காக அச்சானது கப்பலேறித் திரும்பி வந்தது. வாசிக்கத் தெரிந்தவர் வாசித்தார். வாசிக்கத் தெரியாதவருக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் "பிரியமான சகோதரரே" என்று விளிக்கும் ஐயர், ஆங்கிலத்தில் நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் பார் என்ற பேச்சு பனங்காடு முழுக்கப் பரவியது. காமத்திலோ பணத்திலோ ஒரு குரு பிடிபட்டால் மக்கள் அவரை விலக்கிவிடலாம். இங்கே பிடிபட்டது ஐயரின் மனதுக்குள் தங்களைப் பற்றி இருந்த படம். அதை எப்படி விலக்குவது?

திருநெல்வேலி சபைகளுக்குப் பிளவு புதிதும் இல்லை. முந்தைய தலைமுறையில் ரேனியஸ் ஐயர் விவகாரம் நடந்திருந்தது. பிரஷ்யா தேசத்துக்காரர், லுத்தரன் மரபில் பட்டம் பெற்றவர், சி.எம்.எஸ். என்ற இன்னொரு மிஷன் சங்கத்துக்காகப் பாளையங்கோட்டையில் 1820 முதல் உழைத்தவர். தன் உபதேசியார்களுக்குத் தானே குருப்பட்டம் கொடுக்க விரும்பினார். ஆங்கிலப் பேராயர் கைவைத்தால்தான் பட்டம் செல்லும் என்றது சங்கம். ஆங்கிலத் திருச்சபையின் ஒழுங்கை விமர்சித்து அவர் எழுதியதும் சேர்ந்துகொள்ள, 1835இல் சங்கம் அவரை விலக்கியது. ஆற்காட்டுப் பக்கம் போனவரைச் சபைகள் திரும்பக் கூப்பிட்டன. வந்தார். ஊர் இரண்டுபட்டது. 1838 ஜூனில், லண்டனில் விக்டோரியாவுக்கு முடிசூட்டிய அதே மாதம், அவர் இறந்துபோக, பிளவு மெல்ல ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒரு சங்கத்தைவிட்டு வெளியே போகலாம், வானம் இடிந்து விழாது என்பதை மக்கள் பார்த்துவிட்டார்கள்.

1857இல் சட்டாம்பிள்ளை வெளியே போனார். தனியாகப் போகவில்லை. பிரகாசபுரத்தில் 'இந்து கிறிஸ்தவ சபை' எழுந்தது. ஏக இரட்சகர் சபை என்றும் சொல்வார்கள். வட இந்தியாவில் சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கிய அதே ஆண்டில், தெற்கே பனங்காட்டில் வெள்ளைக்காரப் பாதிரி இல்லாத கிறிஸ்தவத்தை ஒரு கூட்டம் உருவாக்கியது. சம்பளக் குருமார் கிடையாது. ஓய்வுநாள் சனிக்கிழமை. தூபம் உண்டு, தீட்டுத் துடக்கு விதிகள் உண்டு, பழைய ஏற்பாட்டின் பண்டிகைகள் உண்டு. சட்டாம்பிள்ளையின் வாதம் துணிச்சலானது. இயேசு ஆசியாக்காரர்; எபிரேயர் வழிபாடும் நம் வழிபாடும் நெருக்கமானவை; இடையில் புகுந்து கெடுத்தது ஐரோப்பாதான். உன் கிறிஸ்தவம்தான் கலப்படம், என்னுடையது மூலம் என்று அதை வாசிக்கலாம். சாம்பிராணி போட்டதற்காக இங்கிலாந்தில் ஒரு குரு சிறை போவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே நாசரேத் பக்கம் சாம்பிராணி மணத்தது. ஆர்தர் டூத்துக்கு இது தெரிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

எழுத்தில் பதில் வர இன்னும் நாளாயிற்று. படித்து, அரசு வேலையில் அமர்ந்த ஒரு தலைமுறை வர வேண்டியிருந்தது. 1883இல் சாமுவேல் சற்குணர் கால்டுவெல்லைப் பெயர் சொல்லியே நேருக்கு நேர் மறுத்து ஆங்கிலத்தில் எழுதினார். நூல் வெளிவந்து 34 ஆண்டுகள் கழித்து. மனுக்கள் பறந்தன. பிற்காலத்தில் அந்த நூல் விநியோகத்திலிருந்தே விலக்கப்பட்டது. வரலாற்றில் ஒரு மிஷனரியின் அறிக்கையை அறிக்கையின் பாத்திரங்களே திரும்பப் பெறவைத்த நிகழ்வுகள் அதிகம் இல்லை.

இதையெல்லாம் நான் தில்லியில் உட்கார்ந்து படித்ததற்குக் காரணம் உண்டு. ஜங்புராவை ஒட்டி, நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பாராபுல்லா நாலா என்ற வடிகாலின் கரையில் மதராசி கேம்ப் இருந்தது. நாலாவுக்குப் பெயர் தந்த பாலம் ஜஹாங்கீர் காலத்தது. கேம்ப்புக்கு ஐம்பது, அறுபது வயது. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் போட்ட குடிசை மெல்லச் செங்கல் சுவராகி, மாடியாகி, முருங்கைக்கீரையும் கருவாடும் கிடைக்கும் தெருவாகியிருந்தது. ஜங்புரா, போகல், லாஜ்பத் நகர் வீடுகளில் பாத்திரம் தேய்த்ததும் சப்பாத்தி இட்டதும் அந்தத் தெருவின் பெண்கள். பிள்ளைகளில் பலர் லோதி எஸ்டேட்டில் இருக்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிக்குப் போனார்கள்.

மழைக்காலத்தில் நாலா பொங்கி ஊருக்குள் வந்தது. நீர் போக வழியில்லாததற்கு ஆக்கிரமிப்பு காரணம் என்று சொல்லப்பட்டது. 2025 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை புல்டோசர் வந்தது. 370 வீடுகள். அதில் 189 குடும்பங்கள் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை என்று இடிக்கும்போது கணக்குச் சொன்னார்கள். மாற்று வீடு நரேலாவில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி. ஜங்புராவில் காலை ஆறரைக்குக் காபி போடும் பெண் நரேலாவிலிருந்து எப்படி வருவாள் என்பது எந்தப் படிவத்திலும் கேட்கப்படாத கேள்வி. மற்றக் குடும்பங்களுக்கு அந்தக் கேள்வியும் இல்லை.

அந்த மே மாதத்தில் எங்கள் மாடிப்படியில் ஒரு பெண், மேல்வீட்டில் வேலை செய்பவள், கைபேசியில் யாரோ அனுப்பிய ஆங்கிலக் காகிதத்தின் படத்தைக் காட்டினாள். "அண்ணே, இதுல எங்களைப் பத்தி என்ன போட்டிருக்கான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்கண்ணே." வீடு போகுமா போகாதா என்று கேட்பாள் என்றுதான் நினைத்தேன். அது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவள் கேட்டது வேறு. நான் படித்து, கடுமையான சொற்களை மழுப்பிச் சொன்னேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "முழுசாச் சொல்லலைல்ல நீங்க" என்றாள்.

நீதிமன்ற ஆணைக்கும் மிஷன் நூலுக்கும் முடிச்சுப் போடுவது அநியாயம் என்று யாரும் சொல்லலாம். சரிதான். ஆணை சட்டத்தின் மொழியில் பேச வேண்டும். அதற்கு வடிகாலைப் பற்றிய கவலை உண்டு. வெள்ளத்தில் மூழ்கும் மற்றத் தெருக்களிலும் மனிதர்கள்தாம் இருக்கிறார்கள். புனர்வாழ்வு பற்றியும் அதில் அக்கறை இருக்கிறது. கால்டுவெல்லிடமும் அக்கறை இருந்தது. நான் பார்ப்பது நோக்கத்தை அல்ல, திசையை. இரண்டும் ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றி, அவர்கள் வாசிக்கமாட்டார்கள் என்ற அமைதியான நம்பிக்கையோடு, வேறு யாருக்கோ எழுதப்பட்டவை. இரண்டிலும் அவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள். தேரிக்காட்டு மக்களை இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்று எழுதியவர் அயர்லாந்தில் பிறந்தவர். பாராபுல்லாக்கரை மக்களை வந்தவர்கள் என்று சொல்லும் தில்லியில் பலர் 1947இல் வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஜங்புராவும் லாஜ்பத் நகரும் அகதிகள் குடியேறி வளர்ந்த பகுதிகள்.

தில்லியின் குடிசை மறுவாழ்வுக் கொள்கை 2015 ஜனவரி 1 என்று ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறது. அதற்கு முன்பே குடிசை இருந்ததற்குச் சான்று வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். ஆகவே ஒரு குடும்பத்தின் நாற்பது வருட வாழ்க்கை, குறிப்பிட்ட சில வருடங்களின் பட்டியலில் பெயர் சரியாக ஏறியதா என்பதில் வந்து நிற்கிறது. அச்சுப் பிழைக்கு இவ்வளவு பலம் உண்டென்று புத்தகம் போடும் எனக்கே தெரியாது.

அடுத்தது, பதில் சொல்லும் முறை. இதில் சற்குணர் காலத்தவர் மீதும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. கால்டுவெல்லுக்கு அவர்கள் கொடுத்த விடை, நாங்கள் கீழானவர்கள் அல்லர், க்ஷத்திரியர்கள், பாண்டியர் வழிவந்தவர்கள் என்பது. புரிந்துகொள்ள முடிகிற பதில். அடிபட்டவனிடம் அழகான வாதத்தை எதிர்பார்ப்பது என்னைப்போல் நாற்காலியில் இருப்பவர்களின் பழக்கம். ஆனாலும் அந்தப் பதில் ஏணியை அப்படியே ஏற்றுக்கொண்டு, நாங்கள் நிற்கும் படி தப்பாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் புகார் சொன்னது. பனையேறுவதில் என்ன கீழ்மை என்று அது கேட்கவில்லை. பாண்டியன் பேரன் என்று வாதாடியவர்களைக் கமுதிக் கோயில் நுழைவு வழக்கு 1908இல் பிரிவி கவுன்சில் வரை இழுத்துச் சென்று தோற்கடித்தது. நடுவில் 1899இல் சாதிக் கலவரத்தில் சிவகாசி எரிந்தது. பிறகு அவர்கள் தங்கள் பள்ளிகளாலும் மகமைப் பணத்தாலும் உறவின்முறைகளாலும் எழுந்து நின்றது தனிக் கதை. அங்கே யாருடைய பேரன் என்ற வாதம் தேவைப்படவில்லை. 1921இல் அரசுப் பதிவேடுகளில் நாடார் என்றே எழுத ஆணை வந்தது.

மதராசி கேம்ப்புக்காகப் பேசியவர்களும் இதையே செய்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். இவர்கள் கடின உழைப்பாளிகள், பிச்சை எடுக்காதவர்கள், ஐம்பது வருடமாகத் தில்லியைத் துலக்கியவர்கள், பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்கள். எல்லாம் உண்மை. ஆனால் இது க்ஷத்திரிய வாதத்தின் வேலைக்காரப் பதிப்பு. உழைக்காத ஒருவன், குடித்துவிட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் ஒருவன், அந்தக் கேம்ப்பிலும் இருந்தானே, எல்லாத் தெருவிலும் இருப்பதுபோல? அவன் வீட்டை மட்டும் இடிக்கலாமா? மனுவில் அவனுக்கு இடம் விடவில்லை நாங்கள்.

கேம்ப்பிலிருந்தே ஒரு பதில் எழுத்தில் வருமென்று நான் நம்புகிறேன், ஆண்டுக்கணக்குச் சொல்லமாட்டேன். சற்குணர் ஆங்கிலத்தில் எழுதினார், பேராயர் வாசிக்க வேண்டுமே என்பதற்காக. சட்டாம்பிள்ளையின் சபை தமிழில் தொழுதது, பேராயர் வாசிக்கத் தேவையில்லை என்பதற்காக. நரேலாவில் இப்போது பன்னிரண்டு வயதில் இருக்கும் பெண் எந்த மொழியில் எழுதுவாள்? வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிப் புத்தகத்தில் கொஞ்சம் ஆங்கிலம், சண்டை போடுவதும் கனவு காண்பதும் இந்தியில். இந்தியில்தான் எழுதுவாள் என்று தோன்றுகிறது. அதில் நீதிபதிகளைவிட எங்களுக்குத்தான் அதிகப் பக்கங்கள் இருக்கும்: அவள் அம்மா பாத்திரம் தேய்த்த வீட்டுத் தமிழர்கள், தனி டம்ளர், தீபாவளிக்கு நூறு ரூபாய், மே மாதத்து மனு. இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் அதை யாராவது தமிழாக்கித் தரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.